நாடகம் முடிந்ததும் குழுவே கலைந்துவிடுகிறது, வருடம் முழுக்க எப்படி ஓட்டுவது?

மூன்றாவது மணி கேட்டது:

வணக்கம். சின்ன ஊர் ஒன்றில் அமெச்சூர் நாடகக் குழு நடத்துகிறோம். எல்லோருக்கும் பிழைப்புக்கு வேறு வேலை இருக்கிறது, நாடகத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. வருடத்துக்கு ஒரு முழுநீள நாடகம் போடுவோம். சில மாத ஒத்திகை, ஒரு வார இறுதியில் காட்சி, கைதட்டல், குரூப் போட்டோ, அத்தோடு சரி. அப்புறம் வாட்ஸப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்தைத் தவிர வேறு சத்தமே இருக்காது. அடுத்த நாடகத்துக்குக் கூப்பிடும்போது ஒருவர் வேலை மாறிப் போயிருப்பார், ஒருவர் "இந்த வருஷம் வேண்டாம்" என்பார், நன்றாக நடித்த புதுப் பையனுக்கு ஆர்வமே போயிருக்கும். திரும்பவும் அ, ஆவிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

இதில் இன்னொரு சிக்கல், லைட்டும் சவுண்டும் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்குக் காய்ச்சல் வந்தால் காட்சியே இல்லை. ஒரு நாடகத்துக்கும் அடுத்த நாடகத்துக்கும் நடுவே உங்கள் குழுக்களில் என்ன செய்கிறீர்கள்? பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியதாக இருந்தால் நல்லது.

பழைய செயலாளர்:

முதலில் ஒரு கிழமையை முடிவு செய்யுங்கள். மாதத்தின் முதல் சனி என்றால் முதல் சனிதான், நாலு பேர் வந்தாலும் நடக்கும், மழை பெய்தாலும் நடக்கும். "எல்லோருக்கும் எந்த நாள் வசதி" என்று கேட்கப் போனால் அந்த நாள் வரவே வராது, அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்த நாளில் நாடக வாசிப்பு. ஒரு பிரதியை எடுத்து வட்டமாக உட்கார்ந்து சத்தமாகப் படிப்பது, வேறொன்றுமில்லை. பாத்திரங்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள், அதுதான் இதில் முக்கியம். எப்போதும் கதாநாயகனாக வருபவருக்குப் பாட்டி வேஷம் விழும், வாயே திறக்காத பெண்ணுக்கு ராஜா வேஷம் விழும். மனப்பாடம் இல்லை, பார்வையாளர் இல்லை, அதனால் யாருக்கும் கூச்சமும் இல்லை. அடுத்த நாடகத்தை ஒரு தனி ஆள் வீட்டில் படித்துத் தேர்ந்தெடுப்பதைவிட இப்படிப் பத்துப் பேர் காதில் விழுந்த பிரதிகளிலிருந்து எடுப்பது எவ்வளவோ மேல். படிக்கும்போது பிரமாதமாக இருந்த வசனம் வாயில் வராமல் போவதும், சாதாரணமாகத் தெரிந்த காட்சியில் எல்லோரும் சிரித்துவிடுவதும் அங்கேயே தெரிந்துவிடும். கொஞ்சம் தேறியதும் அதையே நாலு ஸ்டூல் போட்டு, பிரதி கையில் வைத்தபடி பொதுமக்கள் முன்னால் வாசிக்கலாம். செட் இல்லை, உடை இல்லை, ஆனால் அதுவும் ஒரு நிகழ்ச்சிதான்.

வாசிப்புக்கு முன் அரை மணி நேரம் விளையாட்டு. வயோலா ஸ்போலின் என்ற அமெரிக்கப் பெண்மணி நடிப்புப் பயிற்சியையே விளையாட்டுகளாக மாற்றியவர், 1963-ல் அவற்றைப் புத்தகமாகவும் போட்டார். எங்களுக்கு மிகவும் பிடித்தது கண்ணாடி விளையாட்டு. இரண்டு பேர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவர் மெதுவாகக் கையைத் தூக்கினால் எதிரில் இருப்பவர் கண்ணாடி போல அதையே செய்ய வேண்டும், ஏமாற்றக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது. அப்புறம் ஆள் மாற்றம். கடைசியில் "இனி யாரும் தலைவர் இல்லை, இரண்டு பேரும் பின்பற்றுங்கள்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். முதலில் சிரிப்பார்கள், பிறகு ஒரு கட்டத்தில் இரண்டு பேரும் சேர்ந்து தோளைத் திருப்புவார்கள், யார் ஆரம்பித்தது என்று அவர்களுக்கே தெரியாது. மேடையில் எதிராளியைக் கவனி, கவனி என்று வாயால் எத்தனை முறை சொன்னாலும் வராதது இதில் வந்துவிடுகிறது.

சைடு விங்:

லைட்காரர் ஒரே ஒருவர் என்று படித்ததும் வயிற்றைக் கலக்கியது. நடிகர் வரவில்லை என்றால்கூட யாராவது பிரதியைக் கையில் வைத்துச் சமாளித்துவிடலாம், லைட் போடத் தெரிந்தவர் வரவில்லை என்றால் எல்லோரும் இருட்டில்தான் நிற்க வேண்டும்.

ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர் என்று இப்போதே விதி வையுங்கள், இரண்டாவது ஆள் சும்மா பக்கத்தில் நின்று பார்ப்பவராக இல்லாமல் ஏதாவது ஒரு காட்சியில் நிஜமாகவே கை வைக்க வேண்டும். அடுத்தது பிராம்ப்ட் புத்தகம். பிரதியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே ஒரு வெற்றுப் பக்கம் வைத்து ஃபைலில் கோத்துக்கொள்ளுங்கள். யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார், எந்த வார்த்தையில் லைட் மாறுகிறது, எங்கே மணிச் சத்தம், எல்லாம் அதில் பென்சிலால். பேனாவைத் தொடவே கூடாது, இயக்குநர் கடைசி நாள்வரை மாற்றிக்கொண்டே இருப்பார். லைட் மாற்றங்களுக்கு வரிசை எண் போட்டுவிட்டால் ஸ்டேஜ் மேனேஜர் "பதினாலு, ரெடி" என்று சொல்லிவிட்டு, சரியான வார்த்தை வந்ததும் "போ" என்றால் போதும், நாடகத்தைப் பார்த்தே இராதவர்கூட பட்டனை அழுத்திவிடுவார். ஒழுங்காக எழுதிய பிராம்ப்ட் புத்தகம் இருந்தால் உங்கள் லைட்காரர் நிம்மதியாகக் காய்ச்சலில் படுத்துக்கொள்ளலாம்.

ப்ராப்ஸ், அதாவது நடிகர்கள் மேடையில் கையாளும் பொருட்கள், வைக்கும் மேசை பற்றியும் சொல்லிவிடுகிறேன். விங்கில், அதாவது மேடையின் பக்கவாட்டு மறைவில், ஒரு மேசை போட்டு அதன்மேல் பிரவுன் பேப்பர் ஒட்டி, ஒவ்வொரு பொருளையும் வைத்து அதன் வடிவத்தை மார்க்கரால் சுற்றி வரைந்து உள்ளே பெயர் எழுதுங்கள். கத்தி, கடிதம், சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி. காட்சிக்கு முன் ஒரு பார்வை பார்த்தால் எந்த வடிவம் காலியாக இருக்கிறதோ அந்தப் பொருள் வரவில்லை என்று அர்த்தம். மேடையிலிருந்து திரும்பியதும் அதே இடத்தில் வைக்க வேண்டும், கண்டவர் கண்டதைத் தொடக் கூடாது. கடிதத்தைக் காணோம் என்று ஒருவர் கிரீன் ரூமுக்கு ஓடுவதெல்லாம் இதோடு நின்றுவிடும்.

லைட் பயிற்சிக்கு ஒரு ஞாயிறு மதியம் ஒதுக்குங்கள், நாடகமே தேவையில்லை, ஒரு நாற்காலி போதும். மேடை விளக்கமைப்பைக் கற்றுக்கொடுத்த அமெரிக்கர் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932-ல் எழுதி வைத்த முறைதான் இன்றும் ஆரம்பப் பாடம்: மேடையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் முன்பக்கம் இடமும் வலமுமாக இரண்டு விளக்கு, சுமார் 45 டிகிரி சாய்வில், ஒன்று வெதுவெதுப்பான நிறம், மற்றது குளிர்ந்த நிறம். நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்து ஒரு விளக்கை மட்டும் அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், முகம் எப்படி மாறுகிறது என்று கண்ணால் பார்த்தவர் அதை மறக்க மாட்டார். அப்புறம் பழைய ஹாலோஜன் விளக்கு என்றால் கணக்குப் போட்டுச் செருகுங்கள். 1000 வாட் விளக்கு 230 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் நாலு விளக்கு செருகுவதைப் பார்த்தால் நான் அரங்கத்தைவிட்டு வெளியே போய்விடுவேன்.

எதிர்ப்பாட்டு:

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வாசிப்பு, விளையாட்டு, லைட் பயிற்சி என்று நிகழ்ச்சிகளைக் கூட்டிக்கொண்டே போனால் வேலைக்குப் போய்வந்து மிச்ச நேரத்தில் நாடகம் போடுகிறவர்கள் இன்னும் சீக்கிரம் களைத்துப்போவார்கள். உங்கள் பிரச்சினை நடுவில் ஒன்றும் நடக்காதது இல்லை. மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்ததை ஒரு வார இறுதியில் முடித்துவிடுகிறீர்களே, அதுதான் பிரச்சினை. முதல் காட்சியில் எல்லோரும் வசனத்தை மறக்காமல் இருந்தால் போதும் என்று நடிக்கிறார்கள். இரண்டாவது, மூன்றாவது காட்சியில்தான் எதிராளி சொல்வது காதில் விழ ஆரம்பிக்கிறது, எங்கே சிரிப்பு வருகிறது, எங்கே காத்திருக்க வேண்டும் என்று பிடிபடுகிறது. சரியாக அந்த இடத்தில் செட்டைப் பிரித்துக் கட்டிவைத்துவிடுகிறீர்கள்.

அதே நாடகத்தைக் கையோடு வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம், நூலகம், பக்கத்து ஊர் மண்டபம் என்று மாதம் ஒரு காட்சி போடுங்கள். செட் ஒரு வேனில் அடங்க வேண்டும், அரை மணி நேரத்தில் நிற்க வேண்டும், இதை நாடகத்தைத் திட்டமிடும்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரஷ்ய எழுத்தாளர் செகாவின் 'கடற்பறவை' நாடகம் 1896-ல் பீட்டர்ஸ்பர்க்கில் முதல் நாளே படுத்துவிட்டது. அதே நாடகத்தை 1898-ல் மாஸ்கோ கலை அரங்கம் போட்டபோது கொண்டாடினார்கள். ஒரு நாடகத்துக்கு ஒரு வாய்ப்புதான் என்று யார் சொன்னது? அந்த அரங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரான இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி அதில் சேர்த்துக்கொண்டவர்களில் பலர் அவர் அதற்கு முன் நடத்திய அமெச்சூர் சங்கத்து ஆட்கள்தான் என்பதையும் சொல்லிவைக்கிறேன். நம் பக்கம் பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபையை ஆரம்பித்தபோதும் நடிப்பைத் தொழிலாக வைத்துக்கொள்ளாதவர்களை வைத்துத்தான் ஆரம்பித்தார். அமெச்சூர் என்பதால் ஒரு தடவை போட்டால் போதும் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை.

பழைய செயலாளர்:

எதிர்ப்பாட்டு சார், திரும்பப் போடுவது நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை காட்சி என்பதை வைத்துக் குழுவின் ஆயுளை அளக்க முடியாது. ஜெர்மனியில் ஓபராமர்காவ் என்று ஒரு கிராமம். பிளேக் நோய்க்குப் பயந்து 1633-ல் நேர்ந்துகொண்டார்கள், 1634-லிருந்து இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுகிறார்கள், அதுவும் இப்போது பத்து வருடத்துக்கு ஒரு முறைதான். 2020-ல் போட வேண்டியது கொரோனாவால் 2022-க்குப் போனது. அங்கேயே பிறந்தவர்கள் அல்லது இருபது வருடம் குடியிருந்தவர்கள்தான் மேடையேறலாம். நடிக்கிறவர்கள் முந்தின வருடமே முடி வெட்டுவதையும் தாடி எடுப்பதையும் நிறுத்திவிடுவார்கள். யோசித்துப் பாருங்கள், நாடகம் தொடங்க ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும்போதே கடைத்தெருவில் தாடிக்காரர்களைப் பார்த்து ஊரே "வருது வருது" என்று பேசிக்கொண்டிருக்கும். சின்னப் பிள்ளையாகக் கூட்டத்தில் நின்றவர் அடுத்த முறை வசனம் பேசுவார். அந்த மாதிரி ஒரு இழை நடுவில் ஓட வேண்டும், அதற்குத்தான் மாதக் கூட்டம் என்கிறேன்.

கையெழுத்துப் பிரதி:

யாரும் உரிமை பற்றிப் பேசவில்லையே. வாசிப்புக்கும் சரி, காட்சிக்கும் சரி, பிரதி யாருடையது என்று முதலிலேயே பாருங்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 வருடம்வரை பதிப்புரிமை உண்டு, ஐரோப்பிய நாடுகளில் 70. செகாவ் 1904-ல் இறந்துவிட்டார், அவருடைய ரஷ்ய மூலத்துக்கு இப்போது தடையில்லை, ஆனால் நீங்கள் கையில் வைத்திருக்கும் தமிழ் மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி. புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கினால் மேடையேற்றும் உரிமையும் வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள், வராது.

இந்தியச் சட்டத்தில் உங்களுக்குச் சாதகமான ஒரு விலக்கு இருக்கிறது: அமெச்சூர் சங்கம் ஒன்று கட்டணம் வாங்காத பார்வையாளர்கள் முன் நடத்தினால் அது மீறல் ஆகாது, 52-ஆம் பிரிவில் பாருங்கள். டிக்கெட் போட்டால் இந்த வசதி போய்விடும். வேறு நாட்டில் இருக்கிறீர்கள் என்றால் அந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் ஆசிரியர் உயிரோடு இருக்கிறார் என்றால் ஒரு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் சந்தோஷப்படுவார்கள், சிலர் காட்சிக்கே வந்துவிடுவார்கள்.

மூன்றாவது மணி:

எல்லோருக்கும் நன்றி. சீட்டுக் குலுக்கல் வாசிப்பையும் பிராம்ப்ட் புத்தகத்தையும் உடனே தொடங்குகிறோம். மறுபடி போடுவது பற்றிக் குழுவில் பேச வேண்டும், எங்கள் செட் ஒரு வேனில் அடங்காது, லாரி வேண்டும்.

ஒரு சந்தேகம். எங்கள் மூத்த நடிகர் ஒருவர், நல்ல குரல், நல்ல மனிதர், குழுவை ஆரம்பித்தவர்களில் ஒருவர். ஆனால் நாயகன் வேஷம் தவிர வேறெதற்கும் வர மாட்டார். முப்பது வயது மாப்பிள்ளையாக அவரை எத்தனை வருடம் பார்ப்பது? முகத்துக்கு நேரே சொல்லவும் மனம் வரவில்லை.

எதிர்ப்பாட்டு:

வேஷத்தை யார் பிரிக்கிறார்கள்? அவரோடு பழகியவர்களே பிரித்தால் இது மாறவே மாறாது. ஒரு நாடகத்துக்கு வெளியிலிருந்து இயக்குநரைக் கூப்பிடுங்கள், தேர்வு வைத்து வேஷம் கொடுக்கட்டும், பழி அவர்மேல் போகட்டும்.

சைடு விங்:

அதோடு அவரிடம் ஒரு ஓரங்க நாடகத்தைக் கொடுத்து நீங்களே இயக்குங்கள் அண்ணா என்று சொல்லிப் பாருங்கள், புதியவர்களை மட்டும் வைத்து. நல்ல குரல் என்கிறீர்கள், மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை எப்படிக் கேட்கவைப்பது என்று அந்தப் பையன்களுக்கு அவரைவிட யார் சொல்லிக்கொடுப்பார்? எங்கள் குழுவில் இப்படி இயக்கப் போன ஒருவர் இப்போது மேடைக்கு வா என்றாலும் வருவதில்லை, விங்கில் நின்று எல்லோருடைய வசனத்தையும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். அது முன்வரிசைக்குக் கேட்கிறது என்பது வேறு பஞ்சாயத்து.

செட் விஷயம்: லாரி எதற்கு? சுவர் முழுவதையும் கட்டாமல் ஒரு கதவுச் சட்டம், ஒரு ஜன்னல் சட்டம், பின்னால் கருப்புத் திரை வைத்துப் பாருங்கள். படம் போடுங்கள், எதை வெட்டலாம் என்று சொல்கிறேன்.