பிரேக் ஆயில் மாற்றியும் முதல் மிதியில் பெடல் இறங்குகிறது: யோசனை சொல்லுங்கள்

பழைய மாருதி 800. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டப்பாவில் இருந்த பிரேக் ஆயில் கடுங்காப்பி நிறம். ஈரம் உறிஞ்சிய டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை 205 டிகிரியிலிருந்து 140 வரை இறங்கலாம் என்பதால் அரை லிட்டர் புதிது வாங்கி, இடது பின் சக்கரத்தில் தொடங்கி ப்ளீட் செய்தாயிற்று (பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுவது). டப்பாவில் ஆயில் மட்டம் குறையவே விடவில்லை.

மூன்று சக்கரங்களில் குமிழியில்லாமல் தெளிவாக வந்தது. வலது பின் நிப்பிள்தான் (ஆயிலை வெளியே விடும் திருகு) தகராறு: துருவேறி முனை மழுங்கி, ஸ்பேனர் வழுக்குகிறது, சொட்டுதான் வந்தது.

இப்போது முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது. உடனே இரண்டாவது மிதித்தால் கல் மாதிரி. அழுத்திப் பிடித்தால் அப்படியே நிற்கிறது, அதனால் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுப்பது) வாஷர்மேல் சந்தேகம் குறைவு. அந்தச் சக்கரத்தில் தங்கிய காற்றா, டிரம்முக்கும் பிரேக் ஷூவுக்கும் உள்ள இடைவெளியா? பிரேக் ஹோஸைக் கிளாம்ப் போட்டு அடைத்துப் பார்க்கலாம், பழைய ரப்பர் தாங்குமா? நிப்பிளை உடைக்காமல் கழற்ற வழி உண்டா, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரையே மாற்றுவது மேலா? சரியாகும்வரை வண்டி ஷெட்டில்தான்.