புதுப்பிப்பு: நுவரெலியா வீட்டில் கேஸை முழுசாக நிறுத்தியாச்சு

குளிக்கக் கரண்ட் ஹீட்டரும் சமைக்க இன்டக்ஷன் அடுப்பும் வந்த பிறகு, பழைய கேஸ் கீசரை (கேஸில் தண்ணீர் சூடாக்கும் கருவி) என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். வேலை முடிந்தது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ரெகுலேட்டரை மூடிவிட்டு, குழாயில் மிஞ்சிய கேஸ் எரிந்து தீரும்வரை அடுப்பை எரியவிட்டோம். அப்புறம்தான் 12.5 கிலோ சிலிண்டரைக் கழற்றினோம். சுவரோடு போன செம்புக் குழாயையும் எடுத்தாச்சு. சிலிண்டருக்குக் கட்டிய முற்பண ரசீதை அம்மா பத்திரமாக வைத்திருந்ததால், சிலிண்டரைக் கொடுத்ததும் கடையில் பணம் கிடைத்தது.

கீசரைக் 'கிடக்கட்டுமே' என்றவர்களுக்கு ஒன்று சொல்லணும். குளிருக்குப் பயந்து நாம் குளியலறை ஜன்னலை அடைத்து வைக்கிறோம். காற்றோட்டம் இல்லாத இடத்தில் கேஸ் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசமே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தயவுசெய்து வைக்காதீர்கள்.

புது ஹீட்டர் 3.5 கிலோவாட். 230 வோல்ட்டில் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதனால் தனி வயர், நல்ல எர்த், ட்ரிப் சுவிட்ச் எல்லாம் வேண்டும்.

கரண்ட் போனால்? 2022இல் இலங்கை நெருக்கடியில் கேஸ் வரிசையும் பார்த்தோம், 13 மணி நேரக் கரண்ட் கட்டும் பார்த்தோம். அதனால் விறகடுப்பை மட்டும் அப்படியே வைத்திருக்கிறோம்.