ஹேக்கிளுக்கு ‘பிடரித்தூவி’ சரிவருமா?

அண்ணா, மீன் புடிக்க முள்ளுல இறகும் நூலும் சுத்தி பூச்சி மாதிரி கட்டுறோமே தூண்டில் ஈ, அதுல சுத்துற இறகான ஹேக்கிளுக்கு போன மடல்ல தமிழ்ல ‘பிடரித்தூவி’னு போட்டிருந்தீங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரு இடத்துல இடிக்குது. டிரை ஃப்ளை, அதான் தண்ணி மேல மிதக்குற தூண்டில் ஈ கட்டுறவங்க சேவலோட கழுத்து இறகு மட்டும் எடுக்குறதில்ல, முதுகுப்பக்கத்து சேடில் இறகும் எடுக்குறாங்க, அது நீளமா இருக்குறதால ஒரே இறகுல பல ஈ கட்டிடலாம். முதுகுல இருந்து புடுங்குனதுக்குப் போய் பிடரினு பேரா? ‘சேவல்தூவி’யும் ஆகாது, ஏன்னா மூழ்குற ஈக்கு பெட்டைக்கோழி இறகையும் சுத்துறாங்க, அதுவும் ஹேக்கிள்தான்.

இன்னொரு குழப்பம், இறகுக்கும் ஹேக்கிள்தான், சுத்தி முடிச்சப்புறம் சிலுப்பிக்கிட்டு நிக்குற வளையத்துக்கும் ஹேக்கிள்தான். ஆடம்ஸ்ங்கிற ஈ வகைய எடுத்துக்கோங்க, 1922ல அமெரிக்காவோட மிச்சிகன்ல லென் ஹாலடேங்கிறவரு கட்டுனது, பழுப்புல ஒண்ணு வரிவரியா கிரிஸ்லி ஒண்ணுனு சேத்து சுத்துறாங்க. இறகு ரெண்டு, வளையம் ஒண்ணு. அதனால இறகு ‘சுற்றுத்தூவி’, வளையம் ‘தூவிச்சுற்று’னு பிரிச்சுடலாம்ங்கிறேன்.

பார்புக்கு, அதான் இறகுத்தண்டுல ரெண்டு பக்கமும் இருக்குற மெல்லிசான நாருக்கு, ‘மயிர்’னு ஒருத்தர் எழுதியிருந்தாரு, வேணாம் சாமி, படிக்கிறவன் சண்டைக்கு வருவான், ‘இழை’ போதும். நடுத்தண்டுக்கு ‘ஈர்க்கு’. இப்ப எழுதிப் பாக்குறேன்: தூவியோட அடியில பஞ்சாட்டம் இருக்குறத உரிச்சுப் போடணும் (தண்ணிய உறிஞ்சும்), வெறும் ஈர்க்க முள்ளுல வச்சு நூலால இறுக்கணும், நுனியப் புடிச்சு பளபளப்பான பக்கம் முள்ளோட கண்ண (நரம்பு கட்டுற ஓட்டை) பாத்து இருக்குற மாதிரி, ஒரு சுத்த ஒட்டி அடுத்த சுத்து, றெக்கைக்குப் பின்னாடி மூணு முன்னாடி மூணு. இழை நீளம் முள்ளு வாய் (முள்ளோட கூருக்கும் தண்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி) அகலத்துக்கு ஒண்ணரை மடங்கு. எங்கயும் தடுக்கல, பாருங்க.

பாராசூட்னு சொல்ற சுத்து முறைக்கு ‘குடைச்சுற்று’. செங்குத்தா நிக்குற றெக்கைத் தண்டச் சுத்தி, ஒவ்வொரு புதுச் சுத்தும் முந்தினதுக்கு கீழ போகும், இழையெல்லாம் குடைக்கம்பி மாதிரி படுத்து விரியும், ஈயோட உடம்பு தண்ணி மேல அப்படியே படிஞ்சு உக்காரும். பாமர்னு இன்னொரு சுத்து முறை, அதுல இறக உடம்பு நெடுக இடைவெளி விட்டு சுத்துறதால கம்பளிப்பூச்சி மாதிரியே இருக்கும், ‘கம்பளிச்சுற்று’னு வச்சுட்டேன், ‘படர்சுற்று’னு யாராச்சும் கேட்டா அதுக்கும் சரிதான்.

சுத்தும்போது இறகோட நுனியக் கவ்விப் புடிக்கிற ஹேக்கிள் பிளையர்ஸுக்கு மட்டும் ‘இடுக்கி’ வேணாம், ட்வீசரோட குழம்புது. ‘தூவிக்கவ்வி’ எப்படி?