பால் கொடுத்து முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலி, என்ன செய்யலாம்?

உடுமலை அம்மு:

தோழிகளே, எனக்குத் தலைப்பிரசவம், சிசேரியன். பாப்பாவுக்கு இரண்டரை மாத ஊசி போட்டாச்சு. அன்றைக்கு எடை 5 கிலோ 200. நன்றாகக் குடிக்கிறாள், அதில் ஒரு குறையும் இல்லை. என் முதுகுதான் தாங்கவில்லை. வலது தோள்பட்டை எலும்புக்கு உள்பக்கம், முதுகெலும்பை ஒட்டி, ஒரே இடத்தில் கடுத்துக்கொண்டே இருக்கிறது. விடியற்காலைப் பாலுக்கு எழும்போது கழுத்தைத் திருப்பவே முடியவில்லை.

கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் போட்டுக் குனிந்துதான் கொடுக்கிறேன். படுத்துக்கொண்டு கொடுத்தால் பால் காதுக்குள் போய்ச் சீழ் வைத்துவிடும் என்று பாட்டி விடுவதில்லை. பகலில் என் தோளில் கிடந்தால்தான் தூங்குவாள். கீழே கிடத்தினால் உடனே முழித்துக்கொள்கிறாள். பக்கத்து வீட்டு அக்கா, "முதுகில் ஊசி போட்டாங்க இல்ல, இனி ஆயுசுக்கும் இப்படித்தான்" என்கிறார். நிஜமா? வலி மாத்திரை போட்டால் பாலில் கலந்து பாப்பாவுக்குப் போகுமா?

ஈரோடு சுமதி (பிசியோ):

அம்மு, முதலில் அந்த ஊசி பயத்தை விடுங்கள். ஸ்பைனல் ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருப்பது சகஜம். மாதக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலிக்கு அதுதான் காரணம் என்று ஆய்வுகளில் தெரியவரவில்லை. அதுவும் அந்த ஊசி போடுவது இடுப்புப் பக்கம். உங்களுக்கு வலிப்பது மேலே, தோள்பட்டைக்கு உள்ளே. என்னிடம் வருகிற சுகப்பிரசவக்காரர்களும் இதே இடத்தைத்தான் தொட்டுக் காட்டுகிறார்கள்.

"மடியில் போட்டுக் குனிந்து" என்று எழுதியிருக்கிறீர்களே, வலி அங்கிருந்துதான் வருகிறது. இந்த வயதுக் குழந்தை நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை குடிக்கும். ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடம், அரை மணி என்றால் மொத்தம் எத்தனை மணி நேரம் கூனிக் கிடக்கிறீர்கள், பாருங்கள். நம் தலையே நாலைந்து கிலோ. அது முன்னால் தொங்கும்போது பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது கழுத்துத் தசையும் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ள தசைகளும்தான். கர்ப்பத்தில் விரிந்த வயிற்றுத் தசைக்கு இன்னும் பழைய பலம் வரவில்லை, அதனால் இடுப்புக்கும் தாங்கல் இல்லை.

இன்றைக்கே உட்காரும் விதத்தை மாற்றுங்கள். கட்டில் நடுவில் வேண்டாம். முதுகு முழுக்கச் சாயும்படி சுவரை ஒட்டியோ நாற்காலியிலோ உட்காருங்கள். இடுப்பு வளைவில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். நாற்காலி என்றால் காலுக்கடியில் மணைப்பலகை போட்டுக்கொள்ளுங்கள், முட்டி சற்று உயர்ந்தால் இடுப்பு இழுக்காது. அப்புறம் மடியில் தலையணை. ஒன்று போதாவிட்டால் இரண்டு, அதுவும் போதாவிட்டால் மடித்த போர்வை. பாப்பாவின் வாய் காம்புக்கு நேராக வரும்வரை உயரம் ஏற வேண்டும். அதற்கென்று கடையில் விற்கும் வளைவுத் தலையணை அவசியமே இல்லை.

குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றைப் பார்த்திருக்கட்டும். வாயை அகலத் திறக்கும்போது குழந்தையை மார்புக்கு இழுங்கள், நீங்கள் மார்பைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது இது ஒன்றைத்தான். முகவாய் மார்பில் பதிந்து, நன்றாகப் பிடித்துக் குடிக்க ஆரம்பித்ததும், உங்கள் முழங்கைக்கு அடியில் ஒரு சின்னத் தலையணையைச் செருகிவிட்டுக் கையின் பாரத்தை அதில் இறக்குங்கள். இப்போது தோளைக் கவனியுங்கள், காது வரை ஏறி இருக்கும். மூச்சை விட்டு அதைக் கீழே விடுங்கள். தலையைப் பின்னால் சாயுங்கள். பாப்பாவைப் பார்க்க ஆசைதான், ஆனால் முழு நேரமும் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் செல்போனும் வேண்டாம்.

இரவில் ஒருக்களித்துப் படுத்தே கொடுக்கலாம். சிசேரியன் ஆனவர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே சொல்லிக்கொடுக்கும் முறை இது. உங்கள் முதுகுக்கு ஒரு தலையணை, முட்டிகளுக்கு நடுவில் ஒன்று. பாப்பாவையும் உங்களைப் பார்க்க ஒருக்களித்துக் கிடத்துங்கள். சீழ் பயம் பெரும்பாலும் மல்லாக்கப் போட்டுப் புட்டிப்பால் கொடுப்பதால் வருவது. பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தடவை கொடுத்துக் காட்டுங்கள், அவரே விடுவார். குடித்து முடித்ததும் குழந்தையை அதன் இடத்தில் மல்லாக்கக் கிடத்திவிட வேண்டும். முகத்தருகே தலையணை, போர்வை எதுவும் கூடாது. சோபாவில் படுத்துக் கொடுக்கவே கூடாது, அசந்து தூங்கினால் ஆபத்து.

பாராசிட்டமால், இபுப்ரோஃபென் இரண்டும் பாலில் மிகக் குறைவாகத்தான் போகும், பால் கொடுப்பவர்களுக்கு டாக்டர்கள் வழக்கமாக எழுதித் தருபவைதான். அளவைக் கேட்டுக்கொண்டு போடுங்கள். ஆஸ்பிரின் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

தாராபுரம் பிரபு:

அம்மு சிஸ்டர், உங்கள் வீட்டுக்காரரிடம் இதைக் காட்டுங்கள். பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாமே ஆண்களாலும் முடியும். எங்கள் வீட்டில் குடித்து முடித்த நிமிடமே பையனை நான் வாங்கிக்கொள்வேன். ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாம் நான். மனைவி அப்படியே படுத்துவிடுவார். அவருக்கு வலி விட்டதே இதனால்தான் என்பேன்.

கோபி பெரியம்மா:

அம்மிணி, பச்சை உடம்பு, தண்ணிக்குடம், மாவுச்சட்டி எதையும் தூக்காதே. குளிக்க வார்ப்பதைப் பாட்டியே பார்க்கட்டும், நீ காலை நீட்டிக் குனிந்து உட்கார வேண்டாம். கீழே போட்டால் முழிக்கிறாள் என்றாயே, தூங்கின உடனே கிடத்தினால் அப்படித்தான். கையைத் தூக்கிப் பார், துவண்டு விழுந்தால் அசந்துவிட்டாள் என்று அர்த்தம். அப்போது முதலில் இடுப்பை இறக்கு, அப்புறம் தலையை. நெஞ்சில் கை வைத்துக் கொஞ்ச நேரம் இரு. சட்டென்று கையை எடுக்காதே.

உடுமலை அம்மு:

எல்லோருக்கும் நன்றி. சுவரோரம் தலையணை அடுக்கிக் கொடுத்துப் பார்த்தேன், கழுத்து இழுப்பது குறைந்திருக்கிறது. சுமதி அக்கா, இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். பாப்பாவைத் தூக்கும்போது வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம் சுரீர் என்கிறது. டம்ளரைப் பிடித்தாலும் வலி. இதுவும் அதுதானா?

ஈரோடு சுமதி (பிசியோ):

இது வேறு. கட்டைவிரலை இயக்கும் தசைநார்களின் உறை வீங்குவது, டி குவெர்வைன் என்பார்கள். கைக்குழந்தைக்காரிகளுக்கு நிறைய வரும். கட்டைவிரலை அகல விரித்து அக்குளில் பிடித்துத் தூக்குகிறீர்கள், சரிதானே? இனி அப்படி வேண்டாம். ஒரு உள்ளங்கை தலைக்கும் கழுத்துக்கும் அடியில், இன்னொன்று பிட்டத்துக்கு அடியில், கட்டைவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்தே இருக்கட்டும். குழந்தையை உங்கள் நெஞ்சோடு ஒட்டிய பிறகு எழுந்திருங்கள். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் மணிக்கட்டுப் பட்டை சில வாரம் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

தோள்பட்டைக்கு ஒரே ஒரு பயிற்சி: நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி இழுத்து, ஐந்து எண்ணி விடுங்கள். ஒவ்வொரு பாலுக்குப் பிறகும் பத்து தடவை. தையல் பக்கம் இழுத்தால் நிறுத்திவிடுங்கள்.

காய்ச்சலோடு முதுகுவலி, கால் மரத்துப் போவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, மார்பு சிவந்து கட்டிக்கொண்டு குளிர் நடுக்கம், இதில் எது வந்தாலும் பயிற்சி, தலையணை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீரென நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.