மலைப்பாதைக்காகப் பிக்கப்பை இரண்டு அங்குலம் உயர்த்துவது தேவையா?

ஒடுகத்தூர் விவசாயி:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் நான்கு சக்கர இயக்கமுள்ள இசுசு வி-கிராஸ் இருக்கிறது. ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தை பக்கத்துக் கிராமங்களிலிருந்து சாமை, புளி, பருவத்தில் பலா ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு ஒடுகத்தூருக்கு இறங்குவேன். தார் முடிந்தபின் வரும் மண்பாதையில் வண்டியின் அடி இடிக்கிறது. முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கின் தலையில் ஒரு ஸ்பேசரும் (உயரம் கூட்டும் வட்டு), பின்பக்கத்தில் ஆக்சிலுக்கும் கமான் பட்டைக்கும் நடுவே ஒரு கட்டையும் வைத்து இரண்டு அங்குலம் உயர்த்தித் தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், கமான் பட்டை அனைத்தையும் மாற்றும் முழுக் கிட்டின் விலையோ அதைப்போலப் பல மடங்கு. எதைப் போடலாம்?

காட்பாடி டீசல்:
எது இடிக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் கிட் தேடுவது வீண் செலவு. டிராக்டர் ஓடிக் குழிந்த தடத்தில் சக்கரங்கள் இறங்க, நடுவில் நிற்கும் மண்மேடு உரசுகிறதென்றால், பெரும்பாலும் முதலில் அடிபடுவது பின் ஆக்சிலின் நடுவில், இருபக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல்தான். அந்த ஆக்சில் சக்கரங்களோடு பிணைந்தது என்பதால், கமான் பட்டையை எவ்வளவு உயர்த்தினாலும் சேசிஸும் (அடிச்சட்டம்) பாடியும் மேலே போகுமே தவிர, டிஃபரன்ஷியல் இருந்த உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவதற்கு நடைமுறையில் பெரிய டயர் ஒன்றுதான் வழி. அதிலும் விட்டத்தில் கூடுவதில் பாதிதான் கிடைக்கும். 245/70 ஆர்16 டயரின் விட்டம் ஏறத்தாழ 749 மி.மீ.; 265/70 ஆர்16 டயருடையது ஏறத்தாழ 777 மி.மீ. ஆக, கையில் கிடைப்பது 14 மி.மீ. மட்டுமே. அதற்கு ஈடாக, முன்பு சரியாகக் காட்டிய ஸ்பீடோமீட்டர் இனி 80 என்று காட்டும்போது வண்டி 83-இல் ஓடிக்கொண்டிருக்கும். லிஃப்ட் கிட் விற்பவர்கள் இந்தக் கணக்கைப் பேசவே மாட்டார்கள்.

சத்துவாச்சாரி மலையேறி:
காட்பாடி நண்பர் சொல்வது பின் ஆக்சிலுக்கு மட்டும் பொருந்தும் உண்மை. மலைப்பாதை என்பது குழிந்த தடம் மட்டுமன்று. ஓடைக்குள் இறங்கும்போது முன் பம்பர் எதிர்க்கரையில் முட்டுகிறது. கரையேறி மறுபுறம் சாயும்போது வண்டியின் நடுவயிறு தட்டுகிறது. அங்கே அடிபடுபவை பம்பரின் கீழுதடு, பக்கவாட்டுப் படிகள், முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், டீசல் டேங்க் ஆகியவை. இவையனைத்தும் சேசிஸோடு இணைந்தவை. லிஃப்ட் செய்தால் இவை உயரும். மேலும், இந்த வண்டியின் முன்பக்கம் தனித்தனியாக அசையும் இரட்டை விஷ்போன் அமைப்பு (ஒவ்வொரு சக்கரத்தையும் மேல் கை, கீழ்க் கை என இரண்டு தாங்கும்) என்பதால் முன் டிஃபரன்ஷியலும் சேசிஸில்தான் தொங்குகிறது, அதுவும் உயரும். எனவே லிஃப்ட் பயனற்றது என்று பொதுப்படக் கூறுவதை நான் ஏற்கவில்லை. ஸ்பேசர், கட்டை என்ற மலிவு வழியை மட்டுமே நானும் எதிர்க்கிறேன்.

காட்பாடி டீசல்:
முன் டிஃபரன்ஷியல் உயர்கிறது, சக்கரம் அங்கேயே இருக்கிறது. அப்படியானால் இரண்டையும் இணைக்கும் ஆக்சில் ஷாஃப்ட் சரிவாக நிற்கும். அதன் மூட்டுகளிலுள்ள ரப்பர் உறைகள் எப்போதும் மடங்கிய நிலையில் தேய்ந்து கிழியும், கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போகும். மேல் கையின் கோடியிலுள்ள உருண்டை மூட்டான பால் ஜாயிண்டும் தன் எல்லையை நெருங்கி நிற்கும். இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் மேல் கையையே மாற்றாமல், சக்கரம், அது திரும்பும் அச்சு ஆகியவற்றின் சாய்வுகளான கேம்பரையும் காஸ்டரையும் சரிக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் முடியாது. கிட்டின் விலைப்பட்டியலில் அந்தக் கை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்பேசரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன் ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக் அப்சார்பரின் அடிமுனை கீழ்க் கையின் நடுப்பகுதியில் பொருந்தியிருக்கிறது. சக்கரமோ அதே கையின் கோடியில் இருக்கிறது. ஆகவே தலையில் ஓர் அங்குலம் வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு அங்குலம் கூடும். இது தெரியாமல் ‘இரண்டு அங்குல லிஃப்ட்’ என்று இரண்டு அங்குல வட்டையே வைத்துவிடும் பட்டறைகள் உண்டு. அத்தகைய வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் தொங்கும்போது ‘டங்’ என்று அடிக்கும்.

ஒடுகத்தூர் விவசாயி:
இருவருக்கும் நன்றி, அண்ணா. இன்று வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தேன். பக்கவாட்டுப் படிகள் இரண்டும் நெளிந்திருக்கின்றன, பம்பரின் கீழ் விளிம்பு தேய்ந்திருக்கிறது. பின் டிஃபரன்ஷியலிலும் கீறல் உண்டு, ஆனால் குறைவு. லோடு ஏற்றினால் பின்பக்கம் நன்றாக அமர்ந்துவிடுகிறது. படி இடிப்பது பெரும்பாலும் அப்போதுதான்.

சத்துவாச்சாரி மலையேறி:
இந்தக் கடைசி வரியை முதலிலேயே எழுதியிருந்தால் பாதி விவாதம் மிச்சமாகியிருக்கும்! நல்ல கிட்கள் உயரத்தை மட்டும் வைத்து விற்கப்படுவதில்லை. வண்டியில் நிரந்தரமாக எவ்வளவு எடை இருக்கும் என்பதற்கேற்பக் கமான் பட்டைகள் வெவ்வேறு கடினத்தில் வருகின்றன. முழு லோடுக்கான பட்டையை வாங்கிவிட்டு வாரத்தில் பாதி நாள் காலியாக ஓட்டினால் முதுகு தாங்காது. வாங்கும் முன் சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை, நான்கு மூலையிலும், காலியாக ஒரு முறையும் வழக்கமான லோடுடன் ஒரு முறையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பட்டறைக்காரர் என்ன சொன்னாலும் அந்த எண்கள்தாம் உங்களுக்குச் சாட்சி.

பொருத்தும்போது அருகில் நில்லுங்கள். ஆக்சிலைப் பட்டையோடு பிணைக்கும் பழைய யூ போல்ட்டுகளைத் திரும்பப் போட விடாதீர்கள். ஒருமுறை இழுபட்டவை மீண்டும் அதே பிடிப்பைத் தருவதில்லை. கைகளிலும் பட்டைகளிலும் ரப்பர் புஷ் (அதிர்வு தாங்கும் உருளை) உள்ள போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி எடை இறங்கியபின் இறுக்க வேண்டும், இல்லையேல் புஷ் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும். சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுகின்றனவா என்று பாருங்கள். பிறகு வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் சரிபார்ப்பு. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும், குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரென்ச் கொண்டு மறுபடி இறுக்குதல்.

காட்பாடி டீசல்:
லோடு ஏற்றும் வண்டிக்குப் பின்பக்கக் கட்டை வேண்டவே வேண்டாம் என்பதில் மட்டும் நாம் ஒன்றுபடுகிறோம். கட்டை உயர உயர, ஏற்றத்தில் ஆக்சில் முறுக்கும் விசை பட்டையை வளைப்பது கூடும். கட்டையின் மேல் கட்டை அடுக்குவது எங்குமே கூடாத வேலை. இன்னொரு ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. சில பிக்கப்களில் பின்பக்க எடையை அறிந்து பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஆக்சிலோடு ஒரு தண்டால் இணைந்திருக்கும். சேசிஸ் உயர்ந்துவிட்டால், லோடு இருந்தாலும் வண்டி காலியாக இருப்பதாகவே அந்த வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பலாப்பழ லோடுடன் மலையிறங்குபவருக்கு இது சிறிய விஷயமன்று. உங்கள் வண்டியில் அது இருந்தால், அதன் பிடிமானத்தையும் அதே அளவு நகர்த்தச் சொல்லுங்கள்.

வாலாஜா வழக்கறிஞர்:
சட்டத்தையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

சத்துவாச்சாரி மலையேறி:
ஐயா, அதே 52-ஆம் பிரிவின் விளக்கத்தில், மாற்றம் என்பது வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்றுதானே இருக்கிறது? தேய்ந்த ஸ்பிரிங்குக்குப் பதில் சற்று உயரமான ஸ்பிரிங் போடுவது அதில் எப்படி அடங்கும்?

வாலாஜா வழக்கறிஞர்:
அடங்காது என்று வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தை விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் செய்வதைவிட, முன்னதாகவே ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்வது மேல்.

காட்பாடி டீசல்:
எழுதிக் கேட்கும் தொல்லையே வேண்டாம் என்றால் ஒரு வழி இருக்கிறது. நெளிந்த படிகளைக் கழற்றிவிடுங்கள். அதற்கு ஒரு ஸ்பேனர் போதும். வீட்டுப் பெரியவர்கள் ஏறச் சிரமப்படுவார்கள், அது தனி வழக்கு. அமர்ந்துபோன கமான் பட்டையைத் தொழிற்சாலை உயரத்துக்கே புதிதாக்குங்கள். முன்பக்கத்தைத் தொடாதீர்கள்.

சத்துவாச்சாரி மலையேறி:
படிகளைக் கழற்றுவதை ஒப்புக்கொள்கிறேன். பம்பர் முட்டுவதற்கு அதில் விடை இல்லையே? அமர்ந்த பின்பக்கம் நிமிர்ந்தால் வண்டி இன்னும் முன்னால் குனிந்து நிற்கும்; பம்பர் ஓடைக்கரையில் இப்போதைவிட முன்னதாகவே முட்டும். ஆகவே சட்ட விஷயத்தில் எழுத்துப்பூர்வப் பதில் கிடைத்தால், முன்பக்கத்துக்கு ஸ்பேசர் இல்லாமல், ஓர் அங்குலம் மட்டும் உயர்த்தும் ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் போடுங்கள். அந்த உயரத்தில் ஆக்சில் ஷாஃப்ட்டின் சரிவு மிகச் சிறியதே. மேல் கையையும் பொதுவாக மாற்ற வேண்டி வராது.

ஒடுகத்தூர் விவசாயி:
நாளை படிகளைக் கழற்றுகிறேன். காலி அளவு எடுத்துவிட்டேன். அடுத்த புளி லோடில் மறு அளவு எடுத்து, எண்களை இங்கேயே பதிவிடுகிறேன். பட்டையின் கடினத்தை அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் சொல்லுங்கள். கட்டையும் ஸ்பேசரும் வேண்டாமென்று பட்டறைக்குச் சொல்லிவிட்டேன்.