வீடியோவில் டாக்டரைப் பார்ப்பது இப்போதும் சரிவருமா?

தாராபுரத்தான்:
2020 ஊரடங்கில் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோகும் நிலை, வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் கிளினிக்கைப் பூட்டிவிட்டார், பெரியாஸ்பத்திரிக்குப் போனால் கொரோனாவோடு திரும்புவோமோ என்று பயம் வேறு. யாரோ சொல்லித்தான் இ-சஞ்சீவனி என்ற அரசின் வீடியோ மருத்துவச் சேவையில் நுழைந்தோம். ஓடிபி, டோக்கன், கொஞ்ச நேரம் காத்திருப்பு, அப்புறம் திரையில் டாக்டர். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனைப் பார்த்துக் கும்பிட்டார்! பைசா செலவில்லை. அப்போது தெருவில் எல்லோரும் இதைப் பற்றியே பேசினார்கள், இப்போது யாரும் வாய் திறப்பதில்லை. நான் பெங்களூரில், அம்மா ஊரில் தனியாக. இதை நம்பலாமா?

ஓபி டாக்டர்:
தொடர்ந்து சாப்பிடும் மாத்திரைக்குத் தாராளமாக. 2020 மார்ச் 25 அன்று, நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கிய அதே நாளில்தான், தொலை மருத்துவத்துக்கான வழிகாட்டுதல் வெளியானது. அதற்கு முன் போனில் மருந்து சொல்லி ஏதாவது ஆகிவிட்டால் நம் தலை உருளுமே என்று நாங்களே தயங்குவோம். போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மாத்திரைகளை மட்டும் இதில் கேட்காதீர்கள், எழுத முடியாது.

மேட்டுத்தெரு:
எனக்கு இதில் நல்ல அனுபவம் இல்லை. அப்பாவும் சர்க்கரைக்காரர். ஏதோ ஒரு ஆப்பில் காசு கட்டி, காலில் சின்னப் புண் என்று காட்டினோம், களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். விரலிடுக்கில் கருத்திருந்தது அந்த மங்கல் வீடியோவில் எங்கே தெரியப்போகிறது? நேரில் பார்த்த டாக்டர் காலைத் தொட்ட உடனே அட்மிட் ஆகச் சொன்னார். மாத்திரைக்குச் சரி, புண்ணுக்கு வேண்டவே வேண்டாம்.

செவிலியர் அக்கா:
தம்பி, அம்மாவுக்குப் போன் பழக்கம் இல்லையென்றால் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் கேட்கச் சொல்லுங்கள். செவிலியரே பிரஷர், சர்க்கரை பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தபடியே டாக்டரைத் திரையில் பிடித்துக் கொடுக்கும் முறையும் இ-சஞ்சீவனியில் இருக்கிறது. கொரோனாவுக்கு முன்பே, 2019 கடைசியில் தொடங்கியது அது.

தாராபுரத்தான்:
நன்றி அக்கா. அம்மாவிடம் சொன்னேன், "அன்னைக்கு வந்த அந்தப் பொண்ணு டாக்டரே வருமா?" என்கிறார்.

செவிலியர் அக்கா:
வரிசையில் யார் கிடைக்கிறாரோ அவர்தான். பழைய மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள்.