கீமோவும் இதயமும்: மஞ்சள் கேப்சூல் கொடுத்தவர்கள் உண்டா?

நெய்தல்:
அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு என்ற இரண்டு கீமோ மருந்துகளைச் சேர்த்து ஏற்றுகிறார்கள், நாலு சைக்கிள். டாக்சோரூபிசின் செக்கச்செவேலென்று இருக்கும். ஏற்றிய பிறகு சிறுநீரும் சிவப்பாகப் போகும். முதல் கீமோவுக்கு முன்னாலேயே எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தார்கள். டாக்சோரூபிசின் இதயத் தசையைப் பலவீனமாக்கலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. சொந்தக்காரர்கள் குர்குமின் (மஞ்சளிலிருந்து எடுப்பது) கேப்சூல், திராட்சை விதை மாத்திரை, கிரீன் டீ மாத்திரை என்று வாங்கி வந்துவிட்டார்கள். ஆன்டிஆக்சிடன்ட் இதயத்தைக் காப்பாற்றுமாம். யாராவது கொடுத்திருக்கிறீர்களா?

வேம்பு:
புற்றுநோய் மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன் அக்கா. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. டாக்சோரூபிசின் கொடுத்த எலிகளுக்குக் குர்குமின், குவர்செட்டின், ரெஸ்வெரட்ரால் போன்ற தாவர ஆன்டிஆக்சிடன்ட்களைச் சேர்த்துக் கொடுத்தபோது இதயச் சேதம் குறைந்தது. ஆனால் மனிதர்களுக்கு வைட்டமின் இ, என்-அசிட்டைல்சிஸ்டைன் என்ற ஆன்டிஆக்சிடன்ட்களைக் கொடுத்துப் பார்த்ததில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆன்டிஆக்சிடன்ட் அடக்குவது ஃப்ரீ ராடிக்கல் என்ற, செல்லைக் கெடுக்கும் மூலக்கூறுகளை; இதயச் சேதத்துக்கு அவை மட்டும் காரணமில்லை. இதயச் செல்லிலுள்ள டோப்போஐசோமரேஸ் 2 பீட்டா என்ற நொதியை இந்த மருந்து பிடித்துக்கொள்வதால் அங்கே டிஎன்ஏ உடைகிறது. 2012இல் சுண்டெலிகளில் இதைக் காட்டினார்கள்.

எனக்குப் பெரிய பயம் வேறு. 2002இல் வந்த ஓர் ஆய்வில், தீனியில் குர்குமின் கலந்து கொடுத்த எலிகளுக்குச் சைக்ளோபாஸ்பமைடால் கட்டி சரியாகச் சுருங்கவில்லை. அம்மாவுக்குப் போவதும் அதே மருந்துதான். குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். கேப்சூல் டப்பாக்களை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள், அவர் சரி என்று சொல்லாமல் ஒன்றும் கொடுக்காதீர்கள்.

டாக்சோரூபிசினின் மொத்த அளவையும் கேளுங்கள். வழக்கமாக ஒரு சைக்கிளுக்கு, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம், நாலுக்கு 240. இதயச் செயலிழப்பு மொத்த அளவு 400 ஆனபோது நூற்றில் ஐந்து பேருக்கு, 550 ஆனபோது இருபத்தாறு பேருக்கு வந்ததாகக் கணக்கு. அளவு கூடும்போது டெக்ஸ்ராசாக்சேன் என்ற ஊசி உண்டு. இதயத்தைக் காக்கவென்றே கொடுப்பது.

கரிசல்:
என் தம்பிக்கு லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்). கீமோ முடிந்து, நன்றாக நடமாடிக்கொண்டிருந்தபோது எடுத்த எக்கோவில் இஎஃப் (ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் சதவீதம்) 60இலிருந்து 45க்கு இறங்கியிருந்தது. அவனுக்கு ஒரு தொந்தரவும் தெரியவில்லை, அதுதான் இதில் கொடுமை. இதய டாக்டர் உடனே எனலாப்ரில், கார்வெடிலால் என்ற இதய மருந்துகளைத் தொடங்கினார். இப்போது 54. கீமோ முடிந்ததும் எக்கோவை விட்டுவிடாதீர்கள் அக்கா. கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.